பழைய ஆம்ப்ளிஃபையரின் 'ம்ம்ம்': ஓர் இரைச்சலின் வரலாறு



சென்ற நவராத்திரிக்குக் கொலுவில் பாட்டு வைக்கலாமே என்று பரணிலிருந்து அப்பாவின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரை இறக்கினேன். 1980களில் போனஸ் பணத்தில் அவர் ஆசையாக வாங்கியது. டி.வி.யிலிருந்து ஒரு ஒயரை இழுத்து அதில் சொருகி சுவிட்சைப் போட்டேன். பாட்டு வருவதற்கு முன்னால் ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வந்தது. பாட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. இரவு கீழ் வீட்டு மாமி இண்டர்காமில் கூப்பிட்டு, "உங்க வீட்ல மோட்டார் ஏதாவது ஓடறதா?" என்று கேட்டார்.

வேறொரு வேலைக்காக வந்திருந்த ஒரு எலெக்ட்ரீஷியனிடம் காட்டினேன். "பிளக்குல எர்த் பின்னைக் கழட்டிடுங்க சார், சத்தம் நின்னுடும்" என்றார். கழற்றினோம். முக்கால்வாசிச் சத்தம் உடனே போய்விட்டது. கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பேரன் டி.வி. ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன் செல்போனைச் சொருகிப் பாட்டுப் போட்டான். சுண்டல் பாத்திரத்தைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு வால்யூமைக் குறைக்கப் போன என் மனைவி, "என்னங்க, இது சுருக்குங்குது!" என்று கையை உதறினாள். அன்றோடு பெட்டியை அணைத்தோம்.

பிறகு ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். வால்வு ரேடியோ காலத்திலிருந்து ரிப்பேர் வேலை பார்ப்பவர். பிளக்கைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எர்த்து உயிரைக் காக்குற கம்பி சார். பாட்டுக்காக அதைக் கழட்டலாமா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு இந்த 'ம்ம்ம்' எங்கிருந்து வருகிறது என்று படிக்க ஆரம்பித்தேன். இதற்கு நூறு ஆண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் நம் வீட்டுப் பெட்டியில் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்த மாதிரிதான்.

டெலிபோன் காலத்துத் தொல்லை

இந்த இரைச்சல் ரேடியோவுக்கும் மூத்தது. 1876-இல் டெலிபோன் வந்தபோது, தந்திக்கு இழுத்ததைப் போலவே ஒற்றைக் கம்பிதான் இழுத்தார்கள். பேச்சு அந்தக் கம்பியில் போகும். மின்சாரம் திரும்பி வரும் வழி பூமி. கம்பிச் செலவு பாதியாயிற்று. ஊர் அமைதியாக இருந்தவரை இது நன்றாகவே நடந்தது.

பிறகு அமெரிக்க நகரங்களில் மின் விளக்குகளும் மின்சார டிராம்களும் வந்தன. டிராமின் மின்சாரமும் தண்டவாளம் வழியாகவும் பூமி வழியாகவும்தான் திரும்பியது. ஒரே பூமியை டெலிபோனும் டிராமும் பங்கு போட்டுக்கொண்டதால், டிராம் போகும்போதெல்லாம் டெலிபோனில் இரைச்சல் கேட்டது. (நம் சென்னையில் மின்சார டிராம் 1895-இல் ஓட ஆரம்பித்தது.)

இதற்குத் தீர்வு, பூமியை நம்பாமல் ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு கம்பி இழுப்பது. அந்த இரண்டையும் ஒன்றோடு ஒன்று முறுக்கிவிடும் யோசனைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை வாங்கினார். முறுக்கிய இரண்டு கம்பியிலும் வெளி இரைச்சல் ஒரே அளவாக ஏறும். மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் கழிந்து போகும், பேச்சு மிஞ்சும். இன்றும் ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களிலும் சபா மேடைகளிலும் மைக் ஒயர் இந்த முறையில்தான் வேலை செய்கிறது.

வீட்டுக்கு வந்தது வேறு ஒயர். 1930களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் ரேடியோ, கிராமபோன் பெட்டிகளுக்குள் இணைப்புக் கொடுக்க ஒரு சின்ன பிளக்கைப் பயன்படுத்தியது. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஒரு வலை. நாம் சிவப்பு, வெள்ளை நிறத்தில் டி.வி.க்குப் பின்னால் பார்ப்பது அதுதான். மலிவானது, கச்சிதமானது. ஆனால் இதில் பாட்டு திரும்பி வரும் வழியும் எர்த்தும் ஒரே வலைதான். பழைய டெலிபோன்காரர்கள் பட்ட பாடு இந்த ஒயர் வழியாக நம் ஹாலுக்குள் நுழைந்தது.

பேட்டரியிலிருந்து பிளக்குக்கு

சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது 1924-இல். அந்தக் காலத்து வால்வு ரேடியோக்கள் உலகம் முழுவதும் பெரும்பாலும் பேட்டரியில்தான் ஓடின. பேட்டரியில் வருவது ஏற்ற இறக்கம் இல்லாத மின்சாரம். ஆகவே 'ம்ம்ம்' கிடையாது. ஆனால் பேட்டரி விலை அதிகம், அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும், ஆசிட் சிந்தினால் தரை பாழ்.

சுவரில் இருக்கும் மின்சாரத்திலேயே ரேடியோவை ஓட்ட முடியாதா என்று பலரும் முயன்றார்கள். கனடாவின் டொரன்டோவில் எட்வர்ட் ராஜர்ஸ் 1925-இல் பேட்டரி இல்லாத ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பேட்டரித் தொல்லை போயிற்று. ஆனால் சமாளிக்க வேண்டிய புதுத் தொல்லையாக இரைச்சல் வந்தது.

வீட்டு மின்சாரம் ஒரே சீராக வருவதில்லை. நம் நாட்டில் அது விநாடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. வால்வைச் சூடாக்கும் இழைக்கு நேராக இந்த மின்சாரத்தைக் கொடுத்தால் அந்த ஆட்டம் அப்படியே பாட்டில் ஏறும். சூடாக்கும் இழையைத் தனியாகவும் எலெக்ட்ரான் வெளியிடும் பகுதியைத் தனியாகவும் பிரித்த வால்வுகள் வந்தபின் அந்த வழி அடைபட்டது. 1927-இல் வந்த ஆர்.சி.ஏ.வின் 227 என்ற வால்வு அந்த வகையில் பெயர் பெற்றது.

அடுத்தது பவர் சப்ளை. அதை விளக்க நம் ஓவர்ஹெட் டேங்கையே சொல்லலாம். மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வருகிறது. காரணம் நடுவில் டேங்க் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரில் அந்த டேங்க் வேலையைச் செய்வது கண்டென்சர், அதாவது மின்தேக்கி. திசை மாறும் மின்சாரத்தை ரெக்டிஃபையர் ஒரே திசைக்குத் திருப்புகிறது. அப்போது விநாடிக்கு 100 துடிப்பு வருகிறது. கண்டென்சர் அதை நிரப்பிச் சமமாக்குகிறது.

இதற்குப் பெரிய கொள்ளளவு வேண்டும். அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தை வளர்த்து அதையே தடுப்பாக வைக்கும் வழியை 1890களில் கரோல் போல்லாக் கண்டுபிடித்தார். 1920களில் சாமுவேல் ரூபன் போன்றவர்கள், திரவம் தளும்பும் டப்பாவாக இருந்ததைப் பசை போன்ற கலவையுடன் சுருட்டிய உருளையாக மாற்றினார்கள். பிளக்கில் சொருகும் ரேடியோ ஒவ்வொரு வீட்டுக்கும் வந்ததில் இந்த உருளைக்கும் பங்குண்டு.

ஆனால் எல்லா டேங்குக்கும் வயதாகும். உருளைக்குள் இருக்கும் ஈரம் மெல்ல மெல்லக் காய்கிறது. சாதாரண கண்டென்சரின் மேல் 85 டிகிரி செல்சியஸ் என்று அச்சிட்டிருந்தால், அந்தச் சூட்டில் அதன் உத்தரவாத ஆயுள் 2,000 மணி நேரம் என்ற அளவில் இருக்கும். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. பெட்டிக்குள் 55 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 16,000 மணி நேரம். தினம் நான்கு மணி நேரம் பாட்டு கேட்டால் சுமார் பதினொரு ஆண்டு. பெரிய கண்டென்சர்கள் இதைவிடக் கூடுதலாகவும் உழைக்கும். அப்பாவின் பெட்டி நாற்பது ஆண்டைத் தொடப்போகிறது. அதில் பாதிக் காலம் பரணில், சென்னை வெயிலில். ஓடாமல் கிடந்தாலும் ஆக்சைடு படலம் மெலியும். பழைய பெட்டியை நேராக முழு மின்சாரத்தில் போடாமல், மெக்கானிக்குகள் முதலில் ஒரு பல்பைத் தொடரில் வைத்து எழுப்புவது இதனால்தான்.

ஐந்து கட்டைச் சுருதி

சபாவுக்குப் போகிற நம் ரசிகர்களுக்கு ஒரு தகவல். 50 துடிப்பு இரைச்சலும் 100 துடிப்பு இரைச்சலும் ஒரே ஸ்வரத்தின் இரண்டு ஸ்தாயி. இரண்டுமே ஐந்து கட்டைக்குச் சற்று மேலே நிற்கும். எர்த் வழியாகவோ ஒயர் வழியாகவோ ஏறும் இரைச்சல் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில், அடி வயிற்றிலிருந்து வருவது போல இருக்கும். கண்டென்சர் தளர்ந்தால் வருவது அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, சற்றே கரகரப்போடு கேட்கும். அந்தப் பெரியவர் மீட்டரை எடுப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ரெண்டு பேர் பாடறாங்க சார்" என்றார்.

'ஸ்ஸ்' என்பது வேறு

'ம்ம்ம்' தவிர, மழை பெய்வது போன்ற 'ஸ்ஸ்ஸ்' ஒன்றும் பழைய பெட்டிகளில் உண்டு. இதில் ஒரு பகுதி கோளாறே இல்லை. சூடு உள்ள எந்தப் பொருளிலும் எலெக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருக்கும். அதுவே மெல்லிய இரைச்சலாகும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தார், ஹாரி நைக்விஸ்ட் கணக்கால் விளக்கினார். இருவர் கட்டுரைகளும் 1928-இல் வெளியாயின. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் மட்டும் கேட்கும் 'ஸ்ஸ்' என்றால் கவலை வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தும் கேட்கிறது என்றால் பழைய ரெசிஸ்டரையோ டிரான்சிஸ்டரையோ சந்தேகப்படலாம்.

கேசட்டின் 'ஸ்ஸ்' சத்தத்தை அடக்கியவருக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. ரே டால்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோவின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் வேலை பார்த்தார். 1965-இல் லண்டனில் தன் ஆய்வகத்தைத் தொடங்கினார். மெல்லிய ஒலிகளைப் பதியும்போதே உயர்த்திப் பதிந்துவிட்டு, கேட்கும்போது தாழ்த்துவது அவர் வழி. தாழ்த்தும்போது டேப்பின் இரைச்சலும் சேர்ந்து தாழ்ந்துவிடும். வீட்டு கேசட்டுகளுக்கான 'டால்பி பி' 1968-இல் வந்தது. உங்கள் பழைய டெக்கில் அந்தப் பொத்தான் இருந்தால், டால்பி முறையில் பதிந்த கேசட்டுக்கு மட்டும் அதை அழுத்துங்கள்.

வால்யூமைத் திருப்பும்போது மட்டும் 'கரகர' என்றால் அது சுலபமான விஷயம். உள்ளே இருக்கும் கார்பன் பாதையில் தூசியும் தேய்மானமும் சேர்ந்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

எர்த் பின் ஏன் நீளம்?

நாம் இன்றும் பயன்படுத்தும் உருண்டை மூன்று பின் பிளக், பிரிட்டனின் 1934-ஆம் ஆண்டுத் தர நிர்ணயத்தின் வழி வந்தது. பிரிட்டன் 1947-இல் சதுரப் பின்னுக்கு மாறத் தொடங்கிவிட்டது. நாம் உருண்டையோடு இருந்துவிட்டோம். அதில் எர்த் பின் மட்டும் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். சொருகும்போது முதலில் தொடுவதும் பிடுங்கும்போது கடைசியாக விடுவதும் அதுவாக இருக்க வேண்டும் என்பதற்காக. பெட்டியில் மின்சாரம் வருவதற்கு முன்பே பாதுகாப்பு வந்துவிட வேண்டும் என்று யோசித்துச் செய்தது. அதைத்தான் நான் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினேன்.

கழற்றியதும் சத்தம் ஏன் குறைந்தது? எங்கள் டி.வி.க்கு வரும் கேபிள் ஒயர் மொட்டை மாடியிலிருந்து பல வீடுகளைத் தொட்டு வருகிறது. அதன் வெளி வலை எங்கோ ஓரிடத்தில் பூமியைத் தொடுகிறது. ஆம்ப்ளிஃபையரோ எங்கள் வீட்டு சாக்கெட் வழியாகப் பூமியைத் தொடுகிறது. இரண்டு பூமிக்கும் நடுவில் மிகச் சிறிய மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். ஆடியோ ஒயர் இரண்டையும் இணைத்ததும் ஒரு வளையம் உண்டாகி, அதன் வலையில் 50 துடிப்பு மின்சாரம் ஓடுகிறது. பாட்டின் அளவே ஒரு வோல்ட்டுக்குள் இருப்பதால் சில மில்லிவோல்ட் சேர்ந்தாலும் காதுக்குத் தெரியும். எர்த் பின்னைக் கழற்றியதும் வளையம் அறுந்தது, சத்தமும் போயிற்று.

ஆனால் அந்த மூன்று நாளும் அப்பாவின் பெட்டிக்கு எர்த்தாக இருந்தது கேபிள் டி.வி. ஒயர்! பேரன் அதையும் பிடுங்கியதும் பெட்டிக்கு எர்த்தே இல்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கசிந்த மின்சாரத்துக்கு என் மனைவியின் ஈரக் கைதான் வழியாயிற்று. கசிவு 30 மில்லி ஆம்பியருக்கு வெகு கீழே இருந்ததால் ஆர்.சி.சி.பி. விழவில்லை. டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் முழுதாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

பெரியவர் செய்த சோதனை

முதலில் அவர் எர்த் பின்னைத் திரும்பப் போட்டார். சத்தம் திரும்பி வந்தது. "வரட்டும், அப்பதான் பிடிக்க முடியும்" என்றார். பிறகு வரிசையாகச் செய்தது இதுதான். கடைசிப் படி தவிர மற்றவற்றை நாமே செய்யலாம்.

1. ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, பெட்டியிலிருந்தே வருகிறதா என்று கவனியுங்கள். பெட்டி மட்டும் அதிர்ந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகள் அதிர்வது. ஒயருக்கும் பாட்டுக்கும் தொடர்பில்லை.

2. வால்யூமைச் சுத்தமாகக் குறையுங்கள். சத்தமும் குறைந்தால் கோளாறு வால்யூமுக்கு முன்னால், அதாவது ஒயரிலோ அதில் சொருகிய கருவியிலோ. குறையாமல் அப்படியே இருந்தால் பின்னால், பெரும்பாலும் பவர் சப்ளை கண்டென்சரில்.

3. பின்னால் சொருகிய ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள் (பெட்டியை அணைத்துவிட்டு). எதைப் பிடுங்கினால் அடங்குகிறதோ அதுதான் ஆள்.

4. டி.வி. ஒயர் என்றால், செட் டாப் பாக்ஸின் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள். அடங்கினால் எர்த் வளையம். கேபிள் லைனில் வைக்கும் ஐசொலேட்டரோ, ஆடியோ ஒயரில் வைக்கும் சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ போதும். டி.வி., ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுவதும் உதவும்.

5. ரெக்கார்டு பிளேயர் என்றால் அதிலிருந்து வரும் தனி எர்த் ஒயர் ஆம்ப்ளிஃபையரின் திருகில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். இசைத்தட்டின் ஒலி மில்லிவோல்ட் கணக்கில் வருவது. 1954-இல் பொதுவாக்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி ஆம்ப்ளிஃபையர் கீழ் ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். இரைச்சலையும் சேர்த்துத்தான்.

6. 'ம்ம்ம்' என்று இல்லாமல் 'ஜ்ர்ர்' என்று இருந்தால் எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் இவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

7. பெட்டியைத் திறப்பது மெக்கானிக்கின் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கியிருக்கும். வால்வு ரேடியோவில் அது 250 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம்.

எங்கள் வீட்டில் நான்காம் படியில் ஒருவர் பாட்டை நிறுத்தினார். இன்னொருவர் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தும் பாடிக்கொண்டிருந்தார். பெரியவர் சொன்னது சரி, இரண்டு பேர்தான். ரிச்சி தெருவில் கண்டென்சர் வாங்கி வந்து மாற்றினார். டிரான்ஸ்ஃபார்மரைப் பரிசோதித்தார், பரண் ஈரத்தில் அதன் இன்சுலேஷன் தளர்ந்திருந்ததால் அதையும் மாற்றச் சொல்லிவிட்டார். எல்லாம் சேர்த்து ஆன செலவு, ஒரு சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கரின் விலைக்குள் அடங்கியது.

ஒரு வேண்டுகோள்

ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி கருவியில் இருந்தால், அது இரட்டை இன்சுலேஷன் உள்ளது. எர்த் இல்லாமலே ஓடும்படி செய்தது. மற்றபடி மூன்று பின்னோடு வந்த கருவி மூன்று பின்னோடுதான் இருக்க வேண்டும். பின்னைக் கழற்றுவது, இரண்டு பின் அடாப்டர் வழியாகச் சொருகுவது இரண்டுமே கூடாது. ஆம்ப்ளிஃபையர் மட்டுமல்ல, அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சாக்கெட்டில் எர்த் ஓட்டை இருந்தால் மட்டும் போதாது, அதற்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா என்பதையும் எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். அடுத்த பராமரிப்புக் கூட்டத்தில், விருப்பமுள்ள வீடுகளுக்கு எர்த் சோதனை ஏற்பாடு செய்யலாமா என்று கேட்க இருக்கிறேன்.

அப்பாவின் பெட்டி இப்போது ஹாலில் இருக்கிறது. கீழ் வீட்டு மாமி போன வாரம் வந்து ஒரு முழுக் கச்சேரி கேட்டுவிட்டுப் போனார். "மோட்டார் நின்னுடுத்து போலிருக்கே" என்றார்.

– பி பிளாக் குடியிருப்பாளர்